மலைவீட்டுக்கு வழி

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் பக்கத்துக் கூடாரத்துக் கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெயிலுக்கு வந்தார். அண்ணாந்து, அது ஓக்லண்ட் துறைமுகப் பக்கம் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"பாவம், என்னவெல்லாம் பட்டாரோ," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. உடனே நாலைந்து பேர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

மார்லிஸை யாரும் படம் பிடிக்கவில்லை. சத்தம் கேட்ட நொடியிலேயே அவளுடைய கால்கள் அவளைக் கேட்காமல் கூடாரத்தின் உள்மூலைக்குப் போய்விட்டன. மலைக்காரக் கால்கள் அவை. அது ஏதோ டிவிக்காரர்களின் ஹெலிகாப்டர் என்று மூளை பின்னாலேயே வந்து சொன்னது.

சட்டத் தடை நீங்கியபின் திறந்த ஒரு கஞ்சாக் கடையின் பின்பக்கம், கார் நிறுத்துகிற இடம் அது. 'உங்கள் விவசாயியைச் சந்தியுங்கள்' என்று பலகை வைத்து, விவசாயக் களை வருவதற்காக வைக்கோல் பொதிகள் வாங்கிப் போட்டிருந்தார்கள். முப்பது வருடம் விவசாயம் செய்த மார்லிஸ் வைக்கோலை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கடையின் கொள்முதல் மேலாளர் ஷெல்பி வந்தாள். மார்லிஸின் கஞ்சாப் பூ ஜாடியைத் திறந்து முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"பூ அற்புதம். ஆனா அலமாரியில ஒரே ஒரு எடம்தான் இருக்கு. ஒண்ணு நீங்க, இல்ல பக்கத்துல இருக்கற ப்ரூயிட். ஜனங்க இப்பல்லாம் பூவ வாங்கறதில்ல மார்லிஸ், பயணத்த வாங்கறாங்க. உங்க பயணம் என்ன?"

"விடியறதுக்கு முன்னாடி கெளம்பினேன். பாலத்துகிட்ட கொஞ்சம் நெரிசல்."

"அது இல்லைங்க. வாழ்க்கைப் பயணம்."

"நட்டேன். போலீஸ் ஹெலிகாப்டர்ல வந்து வெட்டித் தூக்கிட்டுப் போனாங்க. மறுபடி நட்டேன். மறுபடி வந்தாங்க. மூணு தடவை."

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"பொதருக்குள்ள. குப்புற."

"மனசு எப்படி இருந்துச்சு?"

மார்லிஸ் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "மறுபடி நட வேண்டியிருந்துச்சு."

ஷெல்பி உதட்டைப் பிதுக்கினாள். "கதையில கொஞ்சம் ஈரம் வேணுமேங்க."

ஈரத்துக்கு மார்லிஸ் எங்கே போவாள்? மூன்றாவது தடவை தோட்டம் போனபோது கணவன் ராய்ஸும் போனான். தோட்டத்தை அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெட்டியை அவன் தூக்கிக்கொண்டு போனான். அழுகை என்பது அத்தோடு தீர்ந்துபோனது. பிறகு தேவைப்பட்ட நாட்களில் தேடிப் பார்த்தும் அகப்படவில்லை.

இந்த வருட விளைச்சல் முழுதும் கொட்டகையில் காய்வதற்காகத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற கடைக்காரர்கள் எல்லோரும் கையை விரித்தாயிற்று. இந்த இடமும் இல்லையென்றால் நிலத்தை விற்றுவிட்டு அக்காவின் கார் கொட்டகையில் கட்டில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பக்கத்தில் ப்ரூயிட்டின் குரல் கணீரென்று கேட்டது. வெள்ளைத் தாடி, ஒட்டுப்போட்ட சட்டை. அந்த ஒட்டு கிழிசலுக்கு மேல் இல்லை என்பதையும் மார்லிஸ் கவனித்தாள்.

"இருபது வருஷம் இந்தச் செடியே கதின்னு அந்த மலையில அலைஞ்சேன். விஷக்கொடி பட்டு ஒடம்பெல்லாம் கொப்புளம். ஹெலிகாப்டர் காலத்துல ஒரு நாள் நிம்மதியா வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டதில்ல. பொண்டாட்டி கேட்டா, நானா இந்தச் செடியான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அதுக்குள்ள வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க. போயிட்டேன்."

கூட்டம் கைதட்டியது. ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். ஷெல்பி வாங்கிக்கொள்ள வேண்டிய ஈரம் அங்கே வழிந்துகொண்டிருந்தது.

சற்று நேரத்தில் ஷெல்பி திரும்பி வந்தாள். "எடம் ப்ரூயிட்டுக்குன்னு முடிவாயிடுச்சு. மூஞ்சிய தொங்கப்போடாதீங்க, ஒரு நல்ல சேதியும் இருக்கு. இந்த வருஷம் அவரோட செடியெல்லாம் பூஞ்சை புடிச்சுப் போச்சாம். உங்க பூவ அவரோட பாக்கெட்ல போட்டுக்கலாம். பூ உங்களது, முகம் அவரோடது."

"என் பேரு?"

"பின்பக்கம் எடம் மிச்சமிருந்தா பாப்போம்."

"சரி," என்றாள் மார்லிஸ். நிலம் தப்பித்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. எங்கே படுவது என்றுதான் தெரியவில்லை.

ஷெல்பி படக்காரனைத் தேடிப் போனாள். ப்ரூயிட் வந்து மார்லிஸின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கே வண்டி எடுத்துட்டு வரேம்மா. மலைக்காரங்க நாம ஒருத்தர ஒருத்தர் விட்டுக்குடுக்கலாமா?"

மார்லிஸ் தயங்கினாள். மலையில் யாரும் யாருக்கும் வீட்டுக்கு வழி சொல்வதில்லை. கூடப் பிறந்த அக்கா வந்தால்கூட, பெரிய ரோடுவரை போய் நின்று கூட்டிவருவதுதான் பழக்கம். ஆனால் அலமாரி அவருடையதாகிவிட்ட பிறகு வழியை மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"பெரிய ரோட்ட விட்டு எறங்கினா எரிஞ்ச மரம் ஒண்ணு வரும்," என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஆரம்பித்தாள். "அங்கேருந்து ஓடைய ஒட்டியே..."

ப்ரூயிட் அன்போடு அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"வழியெல்லாம் எதுக்கும்மா? மூணு தடவையும் ஹெலிகாப்டர்ல வந்தது நான்தானே."