முன்வரிசை ரசிகைகள்

சோமனூரில் கல்யாண ரிசப்ஷன். பாட்டு முடிந்ததும் பெண்ணின் அப்பா வேலன் மேடைக்கு ஓடி வந்தார்.

“நிறுத்திப்போடாதீங்க! அடுத்த பாட்டு இன்னும் சத்தமா உடுங்க!”

ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர் ஆல்வினுக்குப் புல்லரித்தது. குழுவோடு ஊர் ஊராய் வேனில் அலைகிறவர் அவர். போன இடமெல்லாம், ‘பேசவே முடியல, குறைங்க’ என்றுதான் கேட்டிருக்கிறார். இங்கேயோ முன்வரிசையில் பட்டுப்புடவை கட்டிய இரண்டு அம்மாக்கள் தலையை ஆட்டி, கையை வீசி, எல்லாப் பாட்டையும் கூடவே பாடுகிறார்கள்!

கடைசியில் பாடகிக்குக் குரலே எழும்பவில்லை. ஆல்வின் வேலனிடம் வந்தார்.

“ஏனுங்க, பாடற பொண்ணுக்குத் தொண்டை கட்டிப்போச்சுங்க. முன்னால பாடற அந்த ரெண்டு அம்மாவையும் மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் குடுக்கலாமுங்களா?”

வேலனுக்கு வியர்த்துவிட்டது.

“ஐயோ, மைக்கை மட்டும் குடுத்துப்போடாதீங்க! ஒருத்தி என்ற ஊட்டுக்காரி. இன்னொருத்தங்க மாப்பிள்ளையோட அம்மா. பாயசத்துல முந்திரி கம்மின்னு பந்தியில புடிச்ச சண்டை இன்னும் ஓயலீங்க. பாட்டு நின்னா மண்டபத்துக்கே கேட்டுப்போயிருமுங்க!”

ஆல்வின் சட்டென்று திரும்பி, டிரம்ஸ்காரரைப் பார்த்து, அடிக்கச் சொல்லிக் கையை ஓங்கினார்.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மாவும் ஓங்கினாள், தாளம் தப்பாமல்.