மாயா போட்ட மைலேஜ் கணக்கு

"லிட்டருக்குப் பதினஞ்சு கிலோமீட்டர் வரலன்னா இந்த வாரமே உன் காரை வித்துடணும். பேச்சு மாறக்கூடாது" என்று காலையிலேயே மனைவி மாயாவிடம் பகலவன் சொல்லிவிட்டான்.

சொந்தச் சம்பளத்தில் மாயா ஆசையாக வாங்கிய பழைய கார் அது. சாயங்காலம் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"யோவ், காலைல டோல்கேட் பங்க்ல டேங்கை ரொப்பிக்கினு அத்திப்பட்டுக்கு வேலைக்குப் போனேன். வரும்போது அதே பங்க்ல திரும்ப ரொப்பினேன். மீட்டர்ல நாப்பது கிலோமீட்டர், உள்ள போனது ஒன்றரை லிட்டர். கணக்கு போடு!"

பகலவன் போனில் தட்டினான். "இருபத்தாறா! அந்த டப்பாவா?"

"டப்பாவா? வரும்போது இஞ்சின் சத்தமே கேக்கல, தெரியுமா?"

"சரி மே, தோத்துட்டேன். விக்க வேணாம்."

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். "அக்கா, நான்தான் லாரி டிரைவர். உங்க கார்ல கட்டுன என் கயிறு அப்டியே கீது. அவுத்துக்கட்டுமா?"

"இன்னா கயிறு?" என்றான் பகலவன்.

"கார் அத்திப்பட்டுலயே நின்னுபோச்சே சார்! அங்கேந்து பங்க்குக்கும், அப்பால உங்க தெரு முனைக்கும் என் லாரிதான் இஸ்துகினு வந்துச்சு."

பகலவன் மனைவியைப் பார்த்தான்.

"இன்னா மொறைக்கிற? மீட்டர் ஓடுச்சா இல்லியா?" என்றாள் மாயா.

அவன் டிரைவரிடம் திரும்பினான். "ஏம்பா, உன் லாரி லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்?"

"லோடு ஏத்துனா மூணு வந்தாலே பெருசு சார்."

மாயா விடவில்லை. "கேட்டுக்க! மூணு குடுக்குற லாரியையே அவரு விக்காம வெச்சிகினு கீறாரு. நீ என் காரை விக்கச் சொல்றியே!"