பதினைந்தாவது ஆள்

பதினோராம் எண் தாளைப் பார்த்த மாத்திரத்தில் தேர்வுக் குழுத் தலைவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அதை மேசைக்கு அடியில் இறக்கி, சிவப்புப் பென்சிலால் மூலையில் சின்னதாக ஒரு புள்ளி வைத்துக்கொண்டார்.

பத்து ஆட்டம், சராசரி பத்தொன்பது. ரன் அவுட் நான்கு முறை, கோட்டை விட்ட கேட்ச் ஆறு. ஓடச் சொன்னால் நடக்கிற சோம்பேறி, சந்தேகமே இல்லை, தன் மகனேதான்.

போன உலகக் கோப்பையில் அணி மண்ணைக் கவ்விய பிறகு வாரியம் கொண்டுவந்த ஏற்பாடு இது. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பெயர்ப் பட்டியல் அரக்கு வைத்த உறையில் செயலாளரிடம் இருக்கும். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்ட பிறகே உறையைப் பிரிப்பார்கள், அதன் பிறகு யாராலும் எதையும் மாற்ற முடியாது. பெயரே இல்லாததால், மகன் போட்டியில் இருந்தாலும் அப்பா எழுந்து வெளியே போக வேண்டியதில்லை.

ஆட்டம் பார்க்கிறவர்களாக இருந்தால் கணக்கைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். இந்தக் குழுவில் அந்த ஆபத்து இல்லை. இலவச டிக்கெட்டில் போய்க் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கண்ணயர்ந்துவிடுகிற ரசிகர்கள் இவர்கள்.

தலைவருக்கு ‘நங்கூரம்’ என்று பட்டப்பெயர். ஆடிய காலத்தில் ஒரு நாள் முழுக்க நின்று இருபத்திரண்டு ரன் எடுத்த மகானுபாவர். அன்று தோற்றதற்கு இன்றுவரை வானிலையைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.

பதினான்கு பேர் முடிவாகிவிட்டார்கள். கடைசி ஓர் இடம், மிச்சமிருந்தது இரண்டு தாள்: நான்கு, பதினொன்று. அந்த நேரம் பார்த்து நங்கூரத்தின் செல்போன் அதிர்ந்தது. கூட்டத்தில் செல்போன் கூடாது என்று விதி போட்டவரே அவர்தான், அதனால் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

“என்னங்க, முடிஞ்சுதா?” என்றாள் மனைவி. “இந்தத் தடவையும் இல்லன்னா இனிமே மட்டையைத் தொடவே மாட்டேன்னுட்டான். காலையில கட்டுப் பிரிக்கக் கூட்டிட்டுப் போனேன், அங்கயும் இதையேதான் சொல்றான்.”

“நான் எதுக்கு இருக்கேன்? அந்தத் தண்டத்தை உள்ள தள்ளத்தானே இங்க மல்லுக்கட்டிட்டு இருக்கேன்.”

“தண்டமா? அவன் ஆடி ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா நீங்க?”

“அதை வேற பாக்கணுமாக்கும்! பெத்தவனுக்குத் தெரியாதா பிள்ளையோட லட்சணம்?” போனை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

குழுவுக்குப் புதிதாக வந்திருந்த முன்னாள் விக்கெட் கீப்பர் ஒரு தாளை முன்னால் நகர்த்தினார். ஐந்து பேரில் தாளை முழுசாகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

“நாலுதான் சார். சராசரி அம்பத்தெட்டு. கடைசி ஆட்டத்துல விரல் உடைஞ்சும் நின்னு எண்பது அடிச்சிருக்கான்.”

“விரல் உடைஞ்சா அடக்க ஒடுக்கமா வீட்ல கிடக்கணும்” என்றார் நங்கூரம். “இதெல்லாம் போட்டோவுக்குப் போஸ் கொடுக்கற கேஸு. அம்பத்தெட்டாம்! ஸ்கூல் பசங்க போட்ட பந்தை அடிச்சிருப்பான்.”

“அப்ப பதினொன்னு மட்டும்? வெறும் பத்தொம்பது சார்.”

“நீங்க ரன்னைப் பாக்கறீங்க, நான் பொறுமையைப் பாக்கறேன்.”

“நாலு தடவை ரன் அவுட் ஆகியிருக்கான்!”

“அது எதிர்ல நின்னவன் தப்பு. தம்பி, நீங்க கீப்பர், குனிஞ்சு நின்னே பழகிட்டீங்க. நிமிந்து பாத்தாத்தான் திறமை தெரியும்.”

மற்ற மூவருக்கும் பிஸ்கட் தட்டு காலியானதிலிருந்தே கூட்டம் முடிந்தால் போதும் என்றிருந்தது. தலைவர் கை தூக்கியதும் அவர்கள் கையும் தானாக மேலே போனது. நாலு கைக்கு ஒரு கை என்று பதினோராம் எண் தேறியது.

நங்கூரம் நான்காம் எண் தாளில் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு இழுத்தார். அதோடு விடாமல் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தார்.

“இவனெல்லாம் ஒரு ஆட்டக்காரன்! எந்த மகராசன் பெத்தானோ!”

ஐந்து கையெழுத்தும் விழுந்தன. கீப்பர் பேனாவைத் தூக்கிப் போட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நங்கூரம் அதைக் கண்டுகொள்ளவில்லை. உருப்படாத பிள்ளையைக் கரையேற்றிவிட்ட பெருமிதத்தில், வீட்டில் இதை எப்படிச் சொல்லிக்காட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் அரக்கை உடைத்து, பதினோராம் எண்ணுக்கு நேரே இருந்த பெயரை வாசித்தார். நங்கூரம் தன் வாழ்நாளில் கேட்டிராத பெயர் அது.

“சரியாப் பாத்துப் படிங்க.”

செயலாளர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அதே பெயர்தான். நங்கூரத்தின் கையிலிருந்த பென்சில் உருண்டு கீழே விழுந்தது, எடுக்க அவர் குனியவில்லை.

கீப்பர் பட்டியலை வாங்கி, நான்காம் எண்ணுக்கு நேரே விரலை வைத்தார். பெயரைப் படித்தார், அடுத்திருந்த தகப்பன் பெயரைப் படித்தார், இன்னொரு முறையும் படித்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். நங்கூரத்தின் ஜில்லிட்ட கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கீப்பரின் கண் கலங்கியிருந்தது.

“பெத்த பிள்ளைன்னுகூடப் பாக்காம வெட்டிட்டீங்களே சார்!”