ஐம்பத்தெட்டாம் நம்பர்

"ஜெயிச்சதுக்கே இந்தக் கத்து கத்துற. தோத்திருந்தா என்ன பண்ணுவ?"ன்னு ஹாய்ட் பொண்டாட்டியைக் கேட்டார்.

வெர்லீன் அவிச்ச முட்டைத் தட்டை வண்டியோட கீழ இறக்கின பின்கதவுமேல ணங்குனு வெச்சா.

"இதுக்குப் பேர் ஜெயிப்பா? இருபதுக்குப் பத்தொம்பது! அதுவும் யாரோட? ஊருக்கே ஒரே ஒரு சிக்னல் இருக்கிற பட்டிக்காட்டுக் காலேஜோட! கடைசி நிமிஷத்துல அவங்க ஆளு கைநழுவிப் பந்தை விட்டான், நாம பொழச்சோம்."

ரெட்ஃபெர்ன் காலேஜ் ஸ்டேடியத்துக்கு வெளிய, வண்டி நிறுத்துற மைதானத்துல, அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் இருக்கிற சனிக்கிழமையெல்லாம் அவளுக்கு இதே இடம்தான். இருபத்திரண்டு வருஷமா. எல்லார் தலையிலயும் துணியில தெச்ச கழுதைக் காது. டீம் பேரே கழுதைங்கதான். முன்னல்லாம் நெசக் கழுதையையே கூட்டிட்டு வருவாங்க. அது ஒரு வருஷம் எதிர் காலேஜ் தலைவரோட வைக்கோல் தொப்பியைத் தின்னுடுச்சு, அதோட நிறுத்திட்டாங்க. அது கிடக்கட்டும்.

சுத்தி நின்னவங்களும் கொதிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க.

"தடுப்பு வரிசையா அது? திறந்துபோட்ட கேட்டு!"

"பந்து எறியுறவனுக்கு நம்ம சட்டைக் கலரே மறந்துபோச்சு. ரெண்டு தடவை அவனுங்க கையிலயே கொண்டுபோய்க் குடுத்தான்."

"அதை விடுங்கடா. அந்த உதைக்கிற பையன் லேண்டன்? மூணு உதை. மூணும் கம்பத்துக்கு வெளிய!"

லேண்டன் போன வாரமும் ரெண்டு தவறவிட்டான். மறுநாளே யாரோ அவன் விடுதி ஜன்னலைக் கல்லால அடிச்சு ஒடச்சுட்டாங்க.

"இந்த வாரம் ஜன்னலோட விடக்கூடாது"ன்னான் ஒரு தடியன். நாலு பேர் சிரிச்சாங்க.

பக்கத்து நீல வண்டிக்காரர் டெல்மர் மட்டும் சிரிக்கல. ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு, இன்னிக்குத்தான் முதல் தடவையா இங்க வந்து நிறுத்தியிருந்தார். சாதுவான ஆள். அவருக்கு ஒரு போன் வந்துது. வண்டிக்குப் பின்னால போய்ப் பேசிட்டு வந்தார். வந்தப்ப முகமே வேற மாதிரி இருந்துது.

சரியா அப்போ ரேடியோக்காரன் பெர்ரி மைக்கோட வந்தான். ஆட்டம் முடிஞ்சா ரசிகருங்க குமுறலை நேரடியா ஒலிபரப்புவான். ஊரே கேக்கும்.

டெல்மர் மைக்கைப் பிடுங்கினார்.

"உதைச்சவனைத் திட்டாதீங்க! தப்பெல்லாம் ஐம்பத்தெட்டாம் நம்பர்மேல. குனிஞ்சு காலுக்கு நடுவுல பந்தைப் பின்னால அனுப்புறானே, அவன்! மூணையும் கோணலா அனுப்பினான். அதை எவனால ஒழுங்கா உதைக்க முடியும்?"

கூட்டம் முழிச்சுது. அந்த வேலை பாக்குறவன் பேரு எவனுக்குத் தெரியும்?

"அட, ஆமாம்ல! எருமை மாதிரி ஒருத்தன் இருந்தானே!"

"அந்தத் தண்டத்தை முதல்ல துரத்துங்கடா!"

வெர்லீனுக்கு ரத்தம் கொதிச்சுது. அவகிட்ட பைனாகுலர் உண்டு. ஹாய்ட் பறவை பாக்கணும்னு வாங்கினது, இதுவரைக்கும் ஒரு காக்காகூடப் பாத்ததில்ல. ஆட்டத்துல ஒவ்வொரு பந்தையும் அவ அதுலதான் பாப்பா.

"யோவ், புளுகாதய்யா! மூணும் நூல் பிடிச்ச மாதிரி வந்துது. அதைப் பிடிச்சு உதைக்க நிறுத்துறவன் கைகூட அசையல. ஒண்ணும் தெரியாத பையன்மேல பழி போடுறியே, நீயெல்லாம் மனுஷனா?"

"உங்களுக்கு என்னம்மா தெரியும்?"

"எனக்கா தெரியாது? லேண்டன் உதைச்சது கோணல், உன் நாக்கு அதைவிடக் கோணல்!"

சண்டை முத்தவும் பெர்ரி மைக்கைப் பிடுங்கிக்கிட்டு நாலு வண்டி தள்ளிப் போயிட்டான்.

வெர்லீன் விடுற ஆளில்ல. பொய்னா அவளுக்கு ஆகவே ஆகாது. சர்ச் கேக் போட்டியில முதல் பரிசு குடுத்தப்போ, "இது கடை மாவுல பண்ணினது"ன்னு மேடையிலயே திருப்பிக் குடுத்தவ. ஹாய்ட்தான் பாவம், மூணு வாரம் சர்ச்சுக்கே போகல.

டெல்மர் ஸ்டேடியம் கேட்டையே பாத்துக்கிட்டு நின்னார்.

அந்த நேரம் ஒரு பையன் வந்தான். ஈரத் தலை, மலை மாதிரி உடம்பு, தோள்ல பை. பையில பெருசா 58.

"அப்பா, நான் போன்ல கேட்டதைச் சொல்லிட்டீங்களா?"

வெர்லீன் பையையும் டெல்மரையும் மாறி மாறிப் பாத்தா.

"சொல்லிட்டேன்டா"ன்னார் டெல்மர். "இந்தம்மாதான் நம்பமாட்டேங்கிறாங்க. உன் பக்கம் பேசுறாங்க."

பையன் அவளைப் பாத்தான். "நன்றிம்மா. ஆனா எனக்காகப் பேசாதீங்க. லேண்டனும் நானும் விடுதியில ஒரே ரூம். ஜன்னல் ஒடஞ்சதுலேர்ந்து அவன் சரியா சாப்பிடல, தூங்கல. போனைத் திறந்தா செத்துப்போன்னு எழுதியிருக்கானுங்க. இன்னிக்கும் அதேன்னா அவன் தாங்கமாட்டான். என்னைத் திட்டட்டும். நூத்திமுப்பது கிலோ இருக்கேன், தாங்குவேன்."

"பெத்த பிள்ளையைப் பத்தி நீயே எப்படிய்யா..."

"அவன் கேட்டு நான் இல்லேன்னு சொன்னதில்லம்மா"ன்னார் டெல்மர்.

நாலு வண்டிக்கு அந்தப்பக்கம் இன்னும் கத்தல். "ஐம்பத்தெட்டுமில்ல, கிம்பத்தெட்டுமில்ல. அந்த அம்மாதான் பந்து நேரா வந்துதுன்னு சொல்லிச்சே! லேண்டனைத்தான் கவனிக்கணும்!" அதே தடியன்.

வெர்லீன் முட்டைத் தட்டை மூடி பையன் கையில திணிச்சா. "லேண்டனுக்கு. நீயே முழுசையும் தின்னுடாத."

தலையில இருந்த கழுதைக் காதை நேராக்கிக்கிட்டு விறுவிறுனு நடந்தா. கூட்டம் விலகி வழி விட்டுது.

"வாங்க வெர்லீன்"னான் பெர்ரி. "நேயர்களே, பொய்யே பேசாத ஒருத்தங்க வந்திருக்காங்க. பைனாகுலர்ல என்ன பாத்தீங்க, சொல்லுங்க."

அவ மைக்கை வாங்கினா.

"நல்லா கேட்டுக்கோங்க. அந்த நீல வண்டிக்காரர் சொன்னதுதான் நெசம். மூணு பந்தும் கோணல்."