அட்டவணையில் இல்லாதது

“ஒரு நிறுவனத்தின் ஆன்மா அதன் ஆவணங்கள், அந்த ஆன்மாவின் கண் அட்டவணை!” என்று தலைநகர் சோபியாவிலிருந்து வந்த விருந்தினர்களிடம் முழங்கினார் எங்கள் பிளவ்டிவ் அலுவலக இயக்குநர் ஒக்னியான். முழக்கத்தோடு வாயிலிருந்த பனிட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தின் துணுக்குகளும் தெறித்தன.

எங்கள் அலுவலக ஏஐ எதையும் கோப்புகளின் அட்டவணையைப் பார்த்துத்தான் தேடும். அதில் இல்லாத கோப்பு அதற்கு உலகத்திலேயே இல்லை.

“என்னோட தொலைநோக்கு அறிக்கையைக் கேக்கறேன் பாருங்க. இருநூறு பக்கம், மூணு மாச ராப்பகல் உழைப்பு” என்றபடி கேள்வியைத் தட்டினார்.

‘அப்படி ஓர் அறிக்கை இல்லை’ என்றது திரை.

அட்டவணையைப் பராமரிக்கும் ரதோஸ்தினாவின் பக்கம் திரும்பினார். “என்னத்தைக் கிழிச்சே நீ? இன்னியோட உன் சீட்டைக் கிழிச்சாச்சு!”

“ஆறு மாசமா யாருமே திறக்காத கோப்பை அட்டவணையிலருந்து தூக்கிடணும்னு நீங்கதானே சார் விதி போட்டீங்க?”

“இந்த ஆபீஸ்ல இருக்கற எண்பது பேர்ல ஒருத்தன்கூடவா படிக்கல? சோம்பேறிப் பசங்க! அந்தக் கோப்போட பதிவைத் திரையில போடு. எல்லாரும் பாக்கட்டும்.”

போட்டாள். எல்லாரும் பார்த்தோம்.

எழுதியது: ஏஐ. எடுத்துக்கொண்ட நேரம்: நான்கு நிமிடம். திறந்து பார்த்தவர்: ரதோஸ்தினா, ஏழு மாதம் முன்பு, அட்டவணையில் சேர்ப்பதற்காக.

ஒக்னியான் ஒருமுறைகூடத் திறக்கவில்லை.