கண் ஆஸ்பத்திரியில் எல்லைத் தகராறு

ஏழுமலையான்மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

“சுழிச்சு சுழிச்சு எழுதிக்கீற அந்தத் தெலுங்கு அட்டையக் கழட்டிட்டு தமிழ் அட்டைய மாட்டு. அப்பால என் கண்ணப் பாரு.”

சித்தூர்க் கண் ஆஸ்பத்திரியில் முனிரத்தினம் போட்ட சத்தத்தில், சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள். ஆந்திர ராஜ்யம் பிறந்து, புத்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று ஊர் ஊராக அடித்துக்கொண்ட காலம். புத்தூர்ப் பக்கம் தமிழுக்காகக் கொடி பிடித்து ஜெயிலுக்குப் போய்வந்த மனுஷர் அவர்.

பல வருஷத்துச் சர்க்கரை வியாதி. மாம்பழத்தையும் விடவில்லை, சுருட்டையும் விடவில்லை. வலது கண் போன மாசியிலேயே இருண்டுவிட்டது. இடது கண்ணில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால்தான் அதையாவது காப்பாற்ற வழி சொல்ல முடியும் என்றிருந்தார் டாக்டர் கோவர்த்தனன். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, பேப்பர்காரன்தான் மையை மிச்சம் பிடிக்கிறான் என்பது முனிரத்தினத்தின் கட்சி.

கம்பவுண்டர் சம்பத், மூன்று பல் வைத்த மரத்துண்டு ஒன்றை அவர் கையில் கொடுத்து, சுவரைக் காட்டி ஏதோ விளக்க வாயெடுத்தான். முனிரத்தினம் விட்டால்தானே. அந்தத் துண்டையே அவன்மேல் ஓங்கிவிட்டார்.

மனைவி அலர்மேல்மங்கை அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. சுவரில் இருந்ததெல்லாம் அவளுக்குக் கோடுதான்.

“சண்டைய அப்பால வெச்சுக்கய்யா. இருக்கிற ஒரு கண்ணயாவது காட்டு.”

“உனுக்கு இன்னா தெரியும்? இன்னிக்கு அட்டைய விட்டா நாளிக்கு ஊரையே எழுதிக்குவான்.”

பெஞ்சில் காத்திருந்த வெங்கடசாமிக்கு ரத்தம் கொதித்தது. அவருக்கும் சர்க்கரைதான், அவரும் கண் காட்ட வந்தவர்தான். எழுந்து, தடவித் தடவி முன்னால் வந்து, முனிரத்தினத்துக்கு அரை அடி தள்ளியிருந்த தூணை முறைத்தார்.

“ஏன்யா கழட்டணும்? எங்க தெலுங்கு முத்து முத்தா எவ்ளோ லட்சணமாகீது. கண்ணு அவிஞ்சா போச்சு உனுக்கு?”

பெஞ்சு இரண்டாகப் பிரிந்தது. கழற்று என்று ஒரு பாதி, தொட்டால் கை இருக்காது என்று மறுபாதி. செருப்பு ஒன்று வெங்கடசாமியைக் குறிவைத்துப் புறப்பட்டு, எதிர்மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையை உடைத்தது.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். முகம் பழுத்த மிளகாயாகச் சிவந்திருந்தது. முனிரத்தினத்தின் கையிலிருந்த மரத்துண்டை வெடுக்கென்று பிடுங்கினார். கழற்றச் சொல்லி ஒருவரும், கழற்றக் கூடாதென்று ஒருவரும் ஒரே மூச்சில் அவரிடம் நியாயம் கேட்டார்கள்.

திட்ட வாயெடுத்த டாக்டர், இருவர் கண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெஞ்சில் இருந்த அத்தனை பேரையும் பார்த்தார். குரல் தானாக இறங்கிவிட்டது.

“உங்க சண்டைக்குப் பயந்துதான்யா, ரெண்டு பாஷையும் வேணாம்னு, இந்த மூணு பல்லுக் கட்டையாட்டம் படம் மட்டும் போட்ட, எழுத்தே இல்லாத அட்டைய மாட்டி வெச்சேன்.”