ஆறரை அடிப் பெட்டி

அன்று காலையும் என் கணவர் இசாவோ வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். "இந்த வீட்டைக் கட்டினவன் குள்ளன்" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே துறைமுகத்துக்குப் போனார். பத்து மணிக்குப் படகுத் துறையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

பத்து மாதம் கடலில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவர் உயரம் நூற்றுத் தொண்ணூறு சென்டிமீட்டர். ஊரில் இருந்த சவப்பெட்டிகள் எல்லாம் ஆறடி. கால் மடங்கும் என்று பெட்டிக்காரர் தயங்கியபோது, மடக்கக் கூடாது என்றேன்.

மறுநாள் இறுதிச் சடங்கில், வரிசையில் குனிமாட்சுவைப் பார்த்தேன். கறுப்புச் சட்டை, கறுப்பு டை, கையில் ஜபமாலை. தொழில்முறை பேஸ்பால் கிளப் ஒன்றுக்கு ஆள் பிடித்துத் தருகிறவர்.

ஒரு மாதத்துக்கு முன், பள்ளியின் கோடைப் போட்டி முடிந்ததும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மகன் ரியோஹெய் பள்ளியின் பேஸ்பால் அணியில் இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவே நின்று பந்து பிடிப்பவன். ஆறு வயதிலிருந்து கடற்சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்தவனுக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது.

"கை பஞ்சு மாதிரி. பந்து தானா வந்து உக்காருது," என்றார் குனிமாட்சு, பார்லி டீயை உறிஞ்சியபடி. "அடிச்சிட்டு முதல் தளத்துக்கு ஓட நாலு புள்ளி ரெண்டு நொடி. எல்லாம் இருக்கு. உயரந்தான் நூத்தி அறுபத்தெட்டு."

"பதினேழு வயசுதானே ஆகுது," என்றேன்.

"அதான் கேள்வியே. இன்னும் பத்து சென்டிமீட்டர் வளருவான்னா எடுத்துப்போம். இல்லேன்னா இல்ல. பெத்தவங்களைப் பாத்தா தெரிஞ்சுடும். கொஞ்சம் எழுந்து நில்லுங்கம்மா."

நின்றேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"திரும்புங்க. ம். கணுக்கால் மெலிசு, இடுப்பு அகலம். குதிரை வாங்கறவங்களும் இதைத்தான் பாப்பாங்க." குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "ஆனா நீங்க குட்டையா இருக்கீங்களே. அவங்க அப்பா எப்படி?"

"கடல்ல இருக்கார்."

"வந்ததும் சொல்லுங்க. ஒரு தடவை பாத்துட்டாப் போதும்."

அவர் தெருமுனை திரும்பியதும் தீட்டுக் கழிய வாசலில் உப்பை வீசினேன். அவர் குடித்த கோப்பையையும் உப்புப் போட்டே தேய்த்தேன்.

ஆக, இப்போது பார்க்க வந்திருந்தார்.

ஊதுபத்திக்குப் பக்கத்தில் ரியோஹெய் ஒரு சின்னக் கையுறையை வைத்திருந்தான். அவனுக்கு இசாவோ முதன்முதலில் வாங்கி வந்தது அது. இடக்கைக்காரர்கள் மாட்டுவது. ஆறு வயதுப் பையன் எந்தக் கையால் எறிவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மீனைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷன் என்று அன்று சிரித்தோம்.

குனிமாட்சு கையுறையைப் பார்க்கவில்லை. ஒரு சிட்டிகைத் தூபத்தை நெற்றிவரை உயர்த்தித் தணலில் போட்டுக் கும்பிட்டார். கண்கள் மட்டும் பெட்டியின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பின. பிறகு ஓரமாக நின்ற பெட்டிக்காரரிடம் நகர்ந்தார்.

"எத்தனை அடி இது?"

"ஆறரைங்க. நம்மகிட்ட இல்ல. வெளியூர்லேர்ந்து வரவழைச்சோம். எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மாதான் என்றவர் குறிப்பேட்டை எடுத்தார். சவத்துக்கு முன்னால், ஜபமாலை தொங்கிக்கொண்டிருந்த அதே கையால் எழுதினார்.

எழுதி முடித்ததும் என் முன்னால் வந்து இடுப்பு வளையக் குனிந்தார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா." நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது. "இவ்வளவு உயரம்னு நீங்க சொல்லவே இல்லையே. அக்டோபர்ல கிளப்புக்கு ஆள் எடுக்கும்போது பையன் பேரைச் சொல்லிடறோம். இந்த எலும்பு வீண் போகாது."

இன்னும் இரண்டு மணி நேரத்தில், தகனம் முடிந்ததும், நானும் மகனும் சாம்பலுக்குள்ளிருந்து குச்சியால் எடுக்கப்போகிற எலும்பு அது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு போய்விடுவார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் இசாவோவின் படத்தை மார்போடு அணைத்து நின்ற ரியோஹெய்யின் விரல்கள் கண்ணில் பட்டன. சட்டத்தைப் பிடித்திருந்த பிடியில் நகங்கள் வெளுத்திருந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

பெட்டியைத் தூக்கினார்கள். படத்தோடு முன்னால் நடந்த ரியோஹெய், வாசல் நிலை வந்ததும் தலையைக் குனிந்தான். அவன் தலைக்கும் நிலைக்கும் நடுவே அரைச் சாண் இடைவெளி இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அது பழக்கம்.

வெளியே நின்ற குனிமாட்சு அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அப்படியே அப்பா," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

வண்டி கிளம்பியது. மலைப்பாதை ஏறத் தொடங்கியது. ரியோஹெய் மடியில் இருந்த படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"அம்மா, என்னைப் பெத்தவர் எவ்வளவு உயரம்?"

"நூத்தி அறுபத்தெட்டு."